கத்தியின் கூர்மையைச் சோதித்தறியும் வழிகள்

வீட்டுக் கத்தி கூராக இருக்கிறதா என்று அறிய நம்மில் பெரும்பாலோர் கட்டைவிரலை அதன் விளிம்பில் லேசாகத் தேய்த்துப் பார்க்கிறோம். பழகிய கைக்கு அது ஓரளவு தகவல் தரும். ஆனால் கத்தியின் எந்த இடம் மழுங்கியிருக்கிறது என்பதையும், மழுங்கியதற்குக் காரணம் தேய்மானமா, விளிம்பு ஒருபக்கமாக மடங்கியதா, சாணை பிடித்தபோது நின்றுவிட்ட பிசிரா என்பதையும் விரலால் கண்டுபிடிப்பது கடினம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் சோதனையே பயனுள்ள சோதனை. கல்லில் முழுதாகத் தீட்ட வேண்டுமா, விளிம்பை நிமிர்த்தும் எஃகுக் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் போதுமா, அப்படியே விட்டுவிடலாமா என்ற முடிவை அது எளிதாக்க வேண்டும். பின்வரும் முறைகளை அந்த நோக்கத்தோடுதான் விளக்கியிருக்கிறேன்.

கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் கத்தி கூரானது. புதிய சவர பிளேடில் அந்தக் கோட்டின் அகலம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். நன்றாகத் தீட்டிய சமையல் கத்தியில் ஏறத்தாழ அரை மைக்ரான் முதல் ஒரு மைக்ரான் வரை இருக்கலாம். தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். இவ்வளவு நுண்ணியதை வீட்டில் நேராக அளக்க வழியில்லை என்பதால், கத்தி எதை எப்படி வெட்டுகிறது என்பதைக் கொண்டே கூர்மையை ஊகிக்கிறோம். இங்கே ஒரு குழப்பத்தையும் தவிர்த்துவிட வேண்டும். கூர்விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் அலகு தடித்திருந்தால், கேரட் பாதி வரை நறுக்கப்பட்டு மீதி 'டக்' என்று பிளந்துகொள்ளும். அத்தகைய கத்தியை எத்தனை முறை தீட்டினாலும் அந்தக் குறை தீராது. அலகின் பக்கங்களைத் தேய்த்து மெலியச் செய்தால்தான் தீரும். ஆகவே கேரட், பீட்ரூட் போன்ற கெட்டியான கிழங்குகளைக் கூர்மைச் சோதனைக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

எந்தச் சோதனைக்கும் முன்னால் கத்தியைச் சோப்பு நீரில் கழுவி, முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கித் துணியால் ஒற்றித் துடைத்து உலர்த்துங்கள். எண்ணெயும் காய்ந்த புளிச்சாறும் ஒட்டியிருக்கும் அலகு தாளிலும் தோலிலும் தவறான விடை சொல்லும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது. கத்தி நகரும் திசையில் உங்கள் கையோ தொடையோ இருக்கக் கூடாது. குழந்தைகள் சுற்றிவரும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வெளிச்சத்தில் பார்த்தல்

முதல் சோதனைக்கு எதையும் வெட்டத் தேவையில்லை. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கையோ கைப்பேசியின் விளக்கையோ எதிரில் வைத்து, கூர்விளிம்பு மேல்நோக்கி இருக்குமாறு கத்தியைப் பிடித்து, அந்த விளிம்பை நேராக மேலிருந்து பாருங்கள். பிறகு கத்தியை மிக மெதுவாக இடமும் வலமும் சாய்த்து, கைப்பிடியை ஒட்டிய பகுதியிலிருந்து நுனி வரை கண்ணை நகர்த்துங்கள். கூரான விளிம்பில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் பரப்பு இல்லாததால் அது இருண்ட கோடாகவே தெரியும். மழுங்கிய இடத்தில் விளிம்பு உருண்டோ தட்டையாகவோ இருப்பதால் அங்கே வெள்ளைக் கோடு மின்னும். சில்லு பெயர்ந்த இடம் தனிப் புள்ளியாக மின்னும். சற்றே சாய்க்கும்போது மட்டும், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும், நீளமான கோடு தோன்றி மறைந்தால் விளிம்பு மடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

மின்னிய இடங்களுக்கு நேராக அலகின் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்துவரும் தாள் சோதனையில் தட்டும் இடங்களும் இந்தக் கோடுகளும் பெரும்பாலும் பொருந்தி வருவதைக் காணலாம். நகைக்கடைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் சில்லுகளின் உருவமே தெரியும். கைப்பேசிக் கேமராவை அருகில் கொண்டுபோய்ப் படமெடுத்துப் பெரிதாக்கினாலும் ஓரளவு தெரியும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மழுங்கிய கத்தியை அது உறுதியாகக் காட்டிக்கொடுக்கும்; ஆனால் மின்னாத கத்தி நல்ல கூரா, வெறும் போதுமான கூரா என்பதை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

தொட்டறியும் முறைகள்

கத்தியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைத்து, அழுத்தாமல் அதன் சொந்த எடையில் நிற்கிறதா வழுக்குகிறதா என்று பார்ப்பது பழைய முறை. கூரான விளிம்பு நகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும், மழுங்கியது சறுக்கும். தத்துவம் சரியானதுதான், ஆனால் நகத்துக்குப் பதிலாக வழவழப்பான பிளாஸ்டிக் பேனாவின் உடலைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. பேனாவை மேசைமேல் சாய்த்துப் பிடித்து, கத்தியை அதன்மேல் அழுத்தாமல் வைத்து, அலகின் ஒவ்வொரு விரற்கடை நீளத்தையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். எந்தப் பகுதி வழுக்குகிறதோ அந்தப் பகுதி மழுங்கியது. சறுக்கினாலும் விரல் தப்பும்.

கட்டைவிரலால்தான் பார்ப்பேன் என்பவர்கள், விரலை விளிம்புக்குக் குறுக்காக மட்டும், அதாவது சரிவிலிருந்து வெளிப்புறமாக, காற்றைத் தொடுவதுபோல் நகர்த்த வேண்டும். கூரான விளிம்பு கைரேகையின் வரிகளில் மாட்டி மெல்லிய சொரசொரப்பாக உணரப்படும். மூன்று விரல் நுனிகளை விளிம்பின்மேல் அசையாமல் வைத்து உணரும் முறை ஒன்றும் கத்தி தீட்டும் தொழிலாளர்களிடையே வழங்குகிறது. நூற்றுக்கணக்கான கத்திகளைத் தொட்டுப் பழகியவர்களுக்கு அது உதவலாம், மற்றவர்கள் முயல வேண்டாம். கையின் ரோமத்தை மழித்துப் பார்ப்பதையும் இதே வரிசையில் சேர்த்துவிடலாம். அது அலகின் ஒரு சிறு பகுதியை மட்டுமே சோதிக்கிறது. நின்றுபோன பிசிர்கூட ரோமத்தை மழித்துவிடும். காய் நறுக்கும் கத்திக்கு அந்தத் தகுதி தேவையுமில்லை.

தாளை வெட்டிப் பார்த்தல்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தாள் சோதனையைச் செய்யுங்கள். செலவில்லாதது, அலகின் முழு நீளத்தையும் ஒரே இழுப்பில் சோதிப்பது, காதுக்கும் கைக்கும் ஒருசேரத் தகவல் தருவது. ஆனால் பலரும் இதை அவசரமாக வீசிச் செய்து பார்க்கிறார்கள். வேகமாக வீசினால் சுமாரான கத்தியும் தாளை வெட்டிவிடும் என்பதால் அந்த வெற்றிக்குப் பொருளில்லை.

தாளின் மேல் ஓரத்தை இடக்கையின் இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிடுங்கள். பிடித்த இடத்திலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளி, அலகின் கைப்பிடியை ஒட்டிய பகுதியைத் தாளின் ஓரத்தில் வையுங்கள். அங்கிருந்து நுனி வரை, உடலுக்கு வெளிப்புறமாகவும் கீழ்நோக்கியும், மெதுவாக ஒரே சீராக இழுங்கள். நல்ல விளிம்பு நுழையும்போதே தயங்காது. மெல்லிய சீறல் ஓசை ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் கேட்கும். ஓசை கரகரத்தாலோ தாள் கிழிந்தாலோ அலகு அந்த இடத்தில் நின்றாலோ, அலகின் எந்தப் பகுதி அப்போது தாளில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னும் இரண்டு முறை வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அலகின் அதே இடத்தில் தட்டினால் குறை கத்தியில் இருக்கிறது. இடம் மாறி மாறித் தட்டினால் குறை தாளிலோ உங்கள் கையிலோ இருக்கிறது.

எந்தத் தாள் என்பது முக்கியம். நகலெடுக்கும் இயந்திரத்தில் வைக்கும் ஏ4 தாள் விறைப்பானது, ஆதலால் எளிதில் வெட்டுப்படும். அதையே வெட்ட மறுக்கும் கத்தியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, நேராகக் கல்லுக்குப் போக வேண்டியதுதான். நாளிதழ்த் தாள் மெல்லியதும் துவளக்கூடியதும் ஆகையால் சமையல் கத்திக்குப் பொருத்தமான தேர்வு அதுவே. கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுத் தாளும் நன்று. மெல்லிழைத் தாளான டிஷ்யூவை வெட்டும் விளிம்பு மிக உயர்ந்த கூர்மை உடையது. அன்றாடச் சமையலுக்கு அது கட்டாயமில்லை. ஒரு நாள் நாளிதழையும் மறுநாள் பளபளப்பான வார இதழின் அட்டையையும் வெட்டிவிட்டுக் கூர்மையை ஒப்பிட்டுக்கொள்வது வீண்வேலை. அத்தகைய பூச்சுத் தாள்களில் கனிமத் துகள்கள் நிறைய இருப்பதால், அவை கூர்மையைச் சிறிது தேய்க்கவும் செய்யும்.

தாளுக்கு இழையோட்டம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. நாளிதழ்த் தாளைக் கையால் கிழித்துப் பாருங்கள்: ஒரு திசையில் நேர்கோடாகக் கிழியும், மற்றத் திசையில் கோணல்மாணலாகக் கிழியும். நேராகக் கிழியும் திசை இழையின் திசை. அந்தத் திசையில் வெட்டுவது எளிது; அதற்குக் குறுக்காக வெட்டுவது கடினம். எளிய திசையில் தொடங்கி, அதில் தேறிய கத்தியைக் குறுக்குத் திசையிலும் வெட்டச் செய்யுங்கள். அதிலும் தேறினால் இழுக்காமல் நேராகக் கீழே தள்ளி வெட்ட முயலுங்கள். இந்த மூன்று படிகளிலும் தேறும் சமையல் கத்திக்கு மேற்கொண்டு தீட்டு தேவையில்லை.

பிசிர் காட்டும் பொய்க்கூர்மை

புதிதாகத் தீட்டிய கத்தியைச் சோதிக்கும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கல்லிலோ சாணைச் சக்கரத்திலோ தேய்க்கும்போது எஃகு தேய்ந்து, விளிம்பின் மறுபக்கத்தில் தகடு போன்ற மெல்லிய பிசிர் ஒன்று எழும்பும். அந்தப் பிசிர் நிமிர்ந்து நிற்கும்வரை மிகக் கூராக இருக்கும். தாளையும் வெட்டும், ரோமத்தையும் மழிக்கும். வெட்டுப்பலகையில் பத்து வெங்காயம் நறுக்கியதும் அது மடங்கியோ ஒடிந்தோ போக, காலையில் சவரக்கத்தியாக இருந்தது மாலையில் மொக்கையாகிவிடும். 'தீட்டினாலும் கூர் நிற்கமாட்டேன் என்கிறது' என்று கத்தியின் இரும்பைக் குறை சொல்பவர்கள் முதலில் பிசிரைத் தேடிப்பார்க்க வேண்டும்.

விரல் நுனியை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்தி, விளிம்பைத் தாண்டி வெளியே எடுத்துவிடுங்கள். இரு பக்கங்களிலும் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ஏதோ தடுக்குவதாகவும் இருந்தால் தடுக்கும் பக்கத்தில் பிசிர் மடிந்திருக்கிறது. விரலைவிடப் பஞ்சு நல்ல சாட்சி: சிறு பஞ்சு உருண்டையை அதே திசையில் இலேசாகத் தடவினால் பிசிரும் சில்லும் உள்ள இடங்களில் இழைகள் சிக்கி நிற்கும். பிசிர் இருப்பது தெரிந்தால், மிக மென்மையான அழுத்தத்தில் பக்கம் மாற்றி மாற்றிக் கல்லில் சில இழுப்புகள் இழுத்து, பிறகு மரக்கட்டையில் சுற்றிய நாளிதழிலோ பழைய தோல் பெல்ட்டிலோ முதுகு முன்னே செல்லும்படி இழுத்துத் துடையுங்கள்.

இதன் பிறகு செய்யும் இரட்டைச் சோதனையே நம்பத்தக்கது. முதலில் தாளை வெட்டுங்கள். அடுத்து மென்மையான மரத்துண்டின் ஓரத்தை அழுத்தமில்லாமல் ஐந்தாறு முறை சீவுங்கள். உடனே மீண்டும் தாளை வெட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி வெட்டினால் கூர் உண்மையானது. இரண்டாம் முறை தடுமாறினால், முதல்முறை தாளை வெட்டியது பிசிர். தெருவில் சைக்கிள் சாணைக்காரரிடம் தீட்டக் கொடுப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையை அவர் கண்முன்னே செய்து பார்க்கலாம். பிசிரை எடுத்துத் தரச் சொன்னால் அவர் எடுத்துத் தருவார். அதே நேரத்தில் விளிம்பின் நிறத்தையும் கவனியுங்கள். தண்ணீர் படாமல் சக்கரத்தில் சூடேறிய எஃகில் நீல நிறம் படியும். அந்த நீலம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வருவது. அவ்விடத்தில் எஃகின் பதம் இளகியிருக்கும் என்பதால், அன்றைய தாள் சோதனையில் தேறினாலும் அங்கே கூர் நெடுநாள் தங்காது.

காய்கறிகள் சொல்லும் விடை

சமையல் கத்திக்குக் கடைசி நீதிபதி தக்காளி. நன்கு பழுத்த, தோல் தளராத தக்காளியைப் பலகையில் வைத்து, அலகை அதன்மேல் அழுத்தாமல் வைத்து ஒரே ஒரு முறை இழுங்கள். கத்தியின் எடையிலேயே தோல் பிளந்து அலகு உள்ளே இறங்கினால் கூர் போதும். தோல் குழிந்து, பழம் நசுங்கி, சாறு வந்த பிறகு வெட்டுப்பட்டால் போதாது. அலகின் அடி, நடு, நுனி மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள், ஏனெனில் பலரும் நடுப்பகுதியையே அதிகம் பயன்படுத்துவதால் அதுதான் முதலில் மழுங்கும்.

தாளும் தக்காளியும் சில நேரங்களில் முரண்படும். மிக நுண்ணிய கல்லில் கண்ணாடிபோல் மெருகேற்றிய விளிம்பு தாளைத் தள்ளியே வெட்டும், ஆனால் தக்காளித் தோலில் வழுக்கலாம். 400 முதல் 1000 வரையிலான துகள் எண்ணுடைய சற்றுக் கரகரப்பான கல்லோடு நிறுத்திய விளிம்பு, நுண்ணிய பற்கள் உடையதால் தோலைப் பற்றிக்கொள்ளும். காய்கறி நறுக்கும் கத்தியாயின் தக்காளியின் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மரம் செதுக்கும் கத்தியாயின் தாளின் தீர்ப்பையோ, மென்மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவியபின் அது வழவழப்பாக இருக்கிறதா என்பதையோ ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லித்தழையை நறுக்கிவிட்டுப் பலகையைப் பாருங்கள்: பச்சைச் சாறு படிந்து தழை கருத்தால் கத்தி நசுக்குகிறது என்று பொருள். வெங்காயம் வழக்கத்தைவிட அதிகமாகக் கண்ணைக் கரித்தால் அதுவும் ஒரு குறிப்பு, ஏனெனில் மழுங்கிய கத்தி அதன் செல்களை அதிகம் நசுக்கிச் சாற்றைத் தெறிக்கவைக்கிறது. எனினும் வெங்காயத்துக்கு வெங்காயம் காரம் வேறுபடுவதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வாழைத்தண்டைச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம். எவ்வளவு கூரான கத்தியால் வெட்டினாலும் வில்லைகளுக்கு இடையே நார் இழுபடும். அது தண்டின் இயல்பு, கத்தியின் குற்றமில்லை.

அரிவாள்மனையும் அரிவாளும்

அரிவாள்மனையில் அலகு நிலையாக இருக்க, பொருள்தான் நகர்கிறது. ஆகவே தாளை இரு கைகளாலும் விறைப்பாகப் பிடித்து அலகின் மேல் வளைவிலிருந்து கீழ்நோக்கித் தள்ளினால் விரல்கள் விளிம்புக்கு மிக அருகில் வந்துவிடும்; அந்த முயற்சி ஆபத்தானது. வெளிச்சச் சோதனை, பேனாச் சோதனை இரண்டையும் செய்துவிட்டு, குடைமிளகாயின் வழவழப்பான தோல்பக்கத்தை அலகில் வைத்து மெல்லத் தள்ளிப் பார்ப்பது பாதுகாப்பானது. தோல் உடனே பிளந்தால் சரி.

இளநீர் சீவும் அரிவாளுக்கும் விறகு பிளக்கும் அரிவாளுக்கும் தாள் சோதனை பொருந்தாது. அவற்றின் விளிம்பு அடி தாங்குவதற்காகத் தடிப்பான கோணத்தில் தீட்டப்படுகிறது; மெல்லிய சமையல் கத்தியைப் போல் ஒரு பக்கத்துக்கு 15 அல்லது 20 பாகையில் தீட்டினால் முதல் வெட்டிலேயே சில்லு பெயரும். மட்டையில் வெட்டும்போது வழுக்காமல் பதிகிறதா, விளிம்பில் மின்னும் புள்ளிகள் இல்லையா என்ற இரண்டு கேள்விகள் போதும். அலைவிளிம்புள்ள ரொட்டிக் கத்தியும் தாள் சோதனைக்கு உட்படாது. ரொட்டியின் மேலோடு நொறுங்காமல் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணால் அளத்தல்

மேற்கண்ட சோதனைகள் எல்லாம் கை உணர்வைச் சார்ந்தவை. மூன்று மாதத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பதை எண்ணாகக் குறித்துவைக்க விரும்புபவர், சமையலறை மின்னணுத் தராசையே கருவியாக்கிக்கொள்ளலாம். ஒரு சிறு பலகையில் ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். மெல்லிய நைலான் தூண்டில் நரம்பின் ஒரு முனையை ஒரு கட்டையில் ஒட்டி, மறுமுனையில் எப்போதும் ஒரே எடையைத் தொங்கவிட்டபடி இரண்டாம் கட்டையில் ஒட்டுங்கள். இதனால் ஒவ்வொரு முறையும் இழுவிசை மாறாது. பலகையைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, இடைவெளியின் நடுவில் நரம்புக்குக் குறுக்காகக் கத்தியை வைத்து, அறுக்காமல் நேர்கீழாக மெதுவாக அழுத்துங்கள். நரம்பு அறுபடுவதற்கு முன் தராசு காட்டிய மிகப் பெரிய எண்தான் உங்கள் அளவு. எண் வேகமாக மாறும் என்பதால் கைப்பேசியில் காணொளியாகப் பதிவுசெய்து பின்னர்ப் பார்ப்பது எளிது.

முதலில் புதிய சவர பிளேடை அதே நரம்பில் அளந்து அடிப்படை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் அடி, நடு, நுனி மூன்றையும் ஒவ்வொரு முறையும் புது நரம்பு கட்டி அளந்து எழுதுங்கள். உங்கள் எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. உங்கள் கத்தியின் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிடலாம். கத்தி ஆர்வலர்களிடையே புழங்கும் பெஸ் என்ற அளவுகோலும் இதே தத்துவத்தில், தரப்படுத்திய இழையை அறுக்கத் தேவைப்படும் விசையைக் கொண்டு அமைந்தது. அதில் புதிய இரட்டை விளிம்புச் சவர பிளேடு 50ஐ ஒட்டி வரும். எண் கூடக்கூட மழுக்கம் கூடுகிறது.

தொழிற்சாலைகள் வேறொரு முறையைக் கையாளுகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இயங்கும் கேட்ரா என்ற கத்தித் தொழில் ஆய்வு நிறுவனத்தின் இயந்திரத்தில், கூர்விளிம்பு மேல்நோக்கி இருக்குமாறு கத்தி பொருத்தப்படுகிறது. 5 விழுக்காடு சிலிக்கா கலந்த அட்டைகளின் அடுக்கு, 50 நியூட்டன் விசையோடு அதன்மேல் அழுத்தப்பட, கத்தி முன்னும் பின்னும் அசைகிறது. முதல் மூன்று சுற்றுகளில் வெட்டுப்பட்ட ஆழம் தொடக்கக் கூர்மையாகவும், 60 சுற்றுகளில் வெட்டுப்பட்ட மொத்த ஆழம் கூர் நீடிக்கும் திறனாகவும் கணக்கிடப்படுகின்றன. 2004இல் வெளியான ஐஎஸ்ஓ 8442-5 என்ற பன்னாட்டுத் தரநிலை இந்த முறையை வரையறுக்கிறது. தொடக்கக் கூர்மையும் நீடிக்கும் திறனும் வெவ்வேறு அளவுகள் என்று அத்தரநிலை பிரித்துவைத்திருப்பது வீட்டுக்கும் பொருந்தும்: கடையில் வாங்கிய அன்று தக்காளியில் தடையின்றி இறங்கிய கத்தி எத்தனை வாரம் அப்படி இருக்கும் என்பதை அன்றைய சோதனை சொல்லாது. மாதம் ஒருமுறை அதே தாளில் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

விடையைக் கண்டபின்

ஏ4 தாள் முழுவதிலும் தட்டி, வெளிச்சத்தில் நீளக் கோடு மின்னினால் கல்லில் முழுதாகத் தீட்டுங்கள். விளிம்பு ஒருபக்கமாக மடங்கியது மட்டுமே குறை என்றால் எஃகுக் கம்பியில் இரு பக்கமும் சில இழுப்புகள் போதும். ஆனால் மிகக் கடினமான எஃகால் செய்த ஜப்பானிய வகைக் கத்திகளை வரிவரியான எஃகுக் கம்பியில் இழுத்தால் விளிம்பு மடங்குவதற்குப் பதிலாகச் சில்லு பெயரக்கூடும் என்பதால், அவற்றுக்கு நுண்ணிய கல்லையோ செராமிக் கம்பியையோ பயன்படுத்துங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளி மின்னி, தாளும் அங்கேயே தட்டினால் அது சில்லு. அது நறுக்குவதைத் தடுக்காத அளவுக்குச் சிறியதாயின் அதற்காக முழு அலகையும் இப்போதே தேய்த்துக் குறைக்க வேண்டாம், அடுத்தடுத்த தீட்டுகளில் தானாக மறைந்துவிடும். கருங்கல் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், இந்தச் சோதனைகளை வாரந்தோறும் செய்ய வேண்டியிருக்கும். மரப்பலகைக்கு மாறிய வீட்டில் மாதம் ஒருமுறை நாளிதழின் ஒரு பக்கத்தை வெட்டிப் பார்த்தால் போதுமானது.